பதினாறாம் நம்பர் கடையிலிருந்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் எங்கள் ஊர் உணவு வளாகத்தைப் பற்றி ஒரு செய்தி வந்திருந்தது. காலி நாற்காலிகள், இறக்கிவிட்ட ஷட்டர்கள், வாசலில் காலை நீட்டிப் படுத்திருக்கும் ஒரு நாய், எல்லாம் சேர்ந்து பெரிய படம். இவ்வளவு செலவு செய்து கட்டிக் கொடுத்தும் தெருவோர வியாபாரிகள் ஒத்துழைக்கவில்லை, கடையைத் திறப்பதே இல்லை என்று நிருபர் எழுதியிருந்தார். அந்தப் படத்தின் இடது ஓரத்தில் பாதி ஷட்டர் தெரிகிறதே, அது பதினாறாம் நம்பர் கடை. என் அம்மாவின் கடை. நிழல் விழுந்திருப்பதைப் பார்த்தால் பிற்பகல் மூன்று மணி வாக்கில் எடுத்த படம். ராத்திரி இட்லிக் கடையை மூன்று மணிக்கு யார் சார் திறந்து வைப்பார்கள்? அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் மறுநாளுக்கான மாவு கிரைண்டரில் ஓடிக்கொண்டிருக்கும், அம்மா அரிவாள்மனையில் உட்கார்ந்து அன்றைய சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருப்பார்.

ஒத்துழைக்கவில்லை என்ற அந்த ஒரு சொல்தான் இரண்டு நாளாகத் தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போனால் மன்னியுங்கள். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் நடுவில் எங்காவது வெட்டிக்கொள்ளுங்கள், கடைசிப் பத்தியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

அம்மா 22 வருடம் அரசு ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே தள்ளுவண்டி போட்டிருந்தார். நான் படித்ததும் இப்போது ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுவதும் அந்த வண்டியில் வெந்த இட்லியால்தான். மொத்தம் 24 வண்டிகள் வரிசையாக நிற்கும். இட்லி, தோசை, பரோட்டா, பணியாரம், சுண்டல், முட்டைப் பொரியலும் கலக்கியும் போடுகிற ஒருவர், பழச்சாறு, சுக்குக் காபி, இப்படி. எதிர்ப் பக்கம் நின்று பார்க்கிறவர்களுக்கு அது வெறும் கையேந்தி பவன் வரிசை. உள்ளே இருப்பவர்களுக்குத்தான் அங்கே எழுதாத சட்டம் ஒன்று ஓடியது தெரியும். பணியாரம் போடுகிற அக்கா தோசை ஊற்றமாட்டார். அம்மா பரோட்டா பக்கமே போகமாட்டார். பரோட்டா அண்ணனுக்குச் சால்னா நிற்கும், பரோட்டா தீர்ந்துவிடும், அன்றைக்கு அம்மாவின் தோசைக்கு அந்தச் சால்னா வரும், கணக்கு மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். சில்லறை இல்லை என்றால் யார் வண்டியிலும் கை விட்டு எடுக்கலாம். இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை, சண்டை போட்டுப் போட்டுத்தான் ஏற்பட்டது.

ஆஸ்பத்திரி வாசல் வியாபாரம் என்பது தனி ரகம். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தாங்கள் சாப்பிட வேண்டும் என்ற நினைப்பே இருக்காது. உள்ளே கட்டிலில் புருஷனோ பிள்ளையோ படுத்திருக்கும். டிரிப்ஸ் பாட்டில் தீர்வதற்குள் திரும்ப வேண்டும். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து, கூட இருப்பவர் எங்கே என்று கேட்டால் என்ன செய்வது என்ற பயம் வேறு. செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் ஓடி வந்து, ரெண்டு இட்லி, காரம் இல்லாமல், கொஞ்சம் சுடுதண்ணீர் என்பார்கள். அந்தச் சுடுதண்ணீருக்காகவே அம்மா ஒரு அடுப்பைத் தனியாக எரியவிட்டார், அதற்குக் காசு வாங்கியதில்லை. டிஸ்சார்ஜ் ஆகிற அன்று தருகிறேன் என்று கடன் சொல்லிப் போனவர்கள் உண்டு. பெரும்பாலும் தந்துவிடுவார்கள். தராதவர்களைப் பற்றி அம்மா கேட்க மாட்டார், உள்ளே என்ன ஆனதோ என்பார்.

வண்டிகளை அங்கிருந்து எடுக்கச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது, அது நியாயமான காரணம்தான். ஆம்புலன்ஸ் திரும்ப இடமில்லை. ஒருநாள் ஐந்து நிமிடம் சைரன் அலறிக்கொண்டே நின்றதை அம்மாவே பார்த்திருக்கிறார், அன்று வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை என்றார். எனவே வண்டியை எடுக்க மாட்டேன் என்று யாரும் சாலையில் உட்காரவில்லை. அதிகாரிகள் வந்தார்கள், கூட்டம் போட்டார்கள். 24 பேருக்கும் ஒரே கூரையின் கீழ் கடை, தண்ணீர், கழிப்பறை, மேஜை நாற்காலி, சிங்கப்பூர் மாதிரி என்றார்கள். எங்கே என்று கேட்டபோது பழைய மார்க்கெட்டுக்குப் பின்னால் என்று பதில் வந்தது. தூரமாயிற்றே என்று ஒருவர் எழுந்தார். எழுநூறு மீட்டர்தானே என்றார் மேடையில் இருந்தவர்.

எழுநூறு மீட்டர்தான். அளந்து பார்த்தேன், பொய் இல்லை. போக வரக் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோமீட்டர் என்று மட்டும் யாரும் சேர்த்துச் சொல்லவில்லை. டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும் ஆளை விட்டுவிட்டு இரண்டு இட்லிக்காக அவ்வளவு தூரம் யார் நடப்பார்கள்?

வளாகத்தில் நல்லதே இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். முதல் நன்மை கழிப்பறை. இதை ஆண்கள் ஒரு வரியில் கடந்து போய்விடுவோம். அம்மா 22 வருடமாக மாலை நான்கு மணிக்கு மேல் தண்ணீர் குடித்ததில்லை. குடித்தால் போக இடம் கிடையாது. ஆஸ்பத்திரிக்குள் போகலாம், வாட்ச்மேன் முகத்தைப் பொறுத்து. பணியார அக்காவுக்கு நீர்க்கடுப்பு வராத கோடைக்காலம் கிடையாது. வளாகத்துக்குப் போன முதல் வாரம் அம்மா ஒரு எவர்சில்வர் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கடையில் வைத்துக்கொண்டு அவ்வப்போது குடித்ததை நான் பார்த்தேன். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்புறம் மழை. ஐப்பசியில் வண்டிக்குத் தார்ப்பாய் கட்டி ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையில் தோசை திருப்புகிற சர்க்கஸ் இப்போது இல்லை. குழாயில் தண்ணீர் வருகிறது. வண்டியில் இருந்தபோது சீட்டுக் கொடுத்து வாங்கியது ஒரு நாளைக்கு 20 ரூபாய், சீட்டுக் கொடுக்காமல் வாங்கியது அதைவிட அதிகம். அந்த இரண்டாவது தொல்லை விட்டது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருகிறார்கள். ரோட்டோரம் நின்று சாப்பிடக் கூச்சப்பட்டவர்கள் மேஜையில் உட்கார்ந்து பிள்ளைக்கு ஒரு கடையில் பணியாரம், தாத்தாவுக்கு அம்மாவிடம் இட்லி, தங்களுக்குப் பரோட்டா என்று மூன்று கடையில் வாங்கி ஒரே மேஜையில் பரப்பிச் சாப்பிடுவதைப் பார்க்க எனக்கே பிடித்திருக்கிறது. ஞாயிறு வியாபாரம் வண்டிக் காலத்தைவிட அதிகம் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

வாரத்துக்கு ஒரு ஞாயிறுதானே வருகிறது.

சிங்கப்பூர் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்களே, அங்கே நடந்ததைக் கொஞ்சம் பார்க்கலாம். 1968-69இல் தெருவோர வியாபாரிகளை ஊர் முழுக்கக் கணக்கெடுத்துச் சுமார் 18,000 பேரைப் பதிவு செய்தார்கள். 1971இல் தொடங்கி 1986 வரை 15 வருடம் எடுத்துக்கொண்டு அவர்களைப் படிப்படியாக உணவங்காடி நிலையங்களுக்குள் கொண்டுவந்தார்கள். எங்கள் ஊர் மாதிரி ஒரே நாளில் குலுக்கல் போட்டுச் சாவி கொடுக்கவில்லை. அந்த நிலையங்களை மிச்சம் கிடந்த மூலையில் கட்டவும் இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவில், ஜனங்கள் வீட்டை விட்டு இறங்கினால் காலில் இடறுகிற இடத்தில் கட்டினார்கள். தெருவிலிருந்து வந்தவர்களுக்கு வாடகை சலுகையாக இருந்தது, அந்த முதல் தலைமுறை ஆட்களில் மிச்சம் இருப்பவர்களுக்கு இன்றும் சலுகை வாடகைதான். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ அதை மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கேயும் தேனும் பாலும் ஓடவில்லை. கடைக்காரர்களுக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் அந்த அடுப்படிக்கு வரத் தயங்குகிறார்கள், காலியாகும் கடைகளை ஏலம் கேட்பதில் வாடகை எகிறுகிறது என்று அங்கிருக்கும் நம் ஆட்களே அலுத்துக்கொள்கிறார்கள். இருந்தாலும் அங்கே முதலில் யோசித்தது ஆள் எங்கே நடக்கிறான் என்பதை. கூரை அதற்கு அப்புறம் வந்தது. எங்கள் ஊரில் கூரை மட்டும் சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறது.

சிங்கப்பூர் வரைக்கும்கூடப் போக வேண்டாம். நம் நாட்டுச் சட்டமே இருக்கிறது. தெருவில் வியாபாரம் செய்வது தொழில் செய்யும் அடிப்படை உரிமைக்குள் வரும், நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்று 1989இல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்புறம் 2014இல் தெருவோர வியாபாரிகளுக்கென்றே சட்டம் வந்தது. அதன்படி ஒவ்வொரு ஊரிலும் நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும், அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இடம் மாற்றுவதென்றால் 30 நாள் நோட்டீஸ். நோட்டீஸ் வந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். குழு இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டேன். இருக்கும்போல, ஒருநாள் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள் என்றார். எதற்குக் கையெழுத்து என்றால் தெரியாது. அந்த 24 பேரில் யாருக்கும் ஓட்டுப் போட்ட ஞாபகம் இல்லை.

அதே சட்டத்தின் இரண்டாவது அட்டவணையை ஒருநாள் ராத்திரி உட்கார்ந்து படித்தேன். கணக்கு எழுதுகிறவன் புத்தி, அட்டவணை என்றால் விட முடியாது. முடிந்தவரை இடமாற்றத்தைத் தவிர்க்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. திட்டம் போடும்போதும் நிறைவேற்றும்போதும் வியாபாரிகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. அதற்கடுத்த வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. மாற்றப்பட்டவர்களின் பிழைப்பு முன்னைவிட மேம்பட வேண்டும், முடியாவிட்டால் குறைந்தபட்சம் பழைய நிலைக்காவது திரும்ப வேண்டும், அதுவும் உண்மையான மதிப்பில். அதாவது, வளாகம் வெற்றியா தோல்வியா என்று பார்க்க டைல்ஸ் பளபளப்பையோ நாற்காலி எண்ணிக்கையையோ பார்க்க வேண்டியதில்லை, கல்லாப்பெட்டியைப் பார்த்தால் போதும் என்று சட்டமே சொல்லிவிட்டது. ஆனால் பழைய நிலை என்ன என்று எழுதி வைத்தால்தானே திரும்பியதா இல்லையா என்று பார்க்க முடியும்? இடம் மாற்றுவதற்கு முன்னால் உனக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு ஓடுகிறது என்று ஒருவர்கூட வந்து அம்மாவிடம் கேட்கவில்லை.

அம்மாவிடம் கணக்கு இருக்கிறது. பால் கணக்கு எழுதுகிற மாதிரி ஒரு நீள நோட்டு. எத்தனை இட்லி போனது, எவ்வளவு மாவு மிச்சம், யார் கடன். வண்டிக் காலத்தில் சாதாரண நாளில் 300 இட்லி போயிருக்கிறது. வளாகத்தில் முதல் மாதம் சராசரி 90. இப்போது 140, 150 வரைக்கும் வந்திருக்கிறது. ஞாயிறு 350. வாரத்துக்குப் போட்டுப் பார்த்தால் பழைய வியாபாரத்தில் அறுபது சதவீதம்கூடத் தேறவில்லை. இது ஒரு கடைக் கணக்குதான், மற்றவர்கள் நோட்டுப் போடுவதில்லை. ஆனால் சுண்டல் பாட்டி இப்போதெல்லாம் அரைப் படிதான் ஊற வைக்கிறார், அதற்கு நோட்டு தேவையில்லை.

செலவுப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பராமரிப்புக் கட்டணம் என்று நாள் ஒன்றுக்கு 70 ரூபாய், கடை திறந்தாலும் மூடினாலும். கரன்ட் இன்னும் வேடிக்கை. 24 கடைக்கும் ஒரே மீட்டர். வந்த பில்லை 24ஆல் வகுத்தார்கள். ஜூஸ் கடைத் தம்பிக்கு ஒரு ஃப்ரீசர், இரண்டு மிக்ஸி. சுண்டல் பாட்டிக்கு ஒரு எல்இடி பல்பு. இருவருக்கும் ஒரே தொகை. முதல் பில் வந்த அன்று பாட்டி போட்ட சத்தத்தில் பழைய மார்க்கெட் வரைக்கும் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் அந்தத் தம்பியே, பாட்டி சாபம் எனக்கு வேண்டாம் என்று சொல்லி, ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து ஆளுக்கொரு சப் மீட்டர் போட ஏற்பாடு செய்தான். செலவு எங்கள் கையிலிருந்து. கட்டும்போதே போட்டிருந்தால் அது ஒரு பெரிய விஷயமா?

புகையும் அப்படித்தான். ஒவ்வொரு கடைக்கு மேலும் ஒரு தகரக் கூண்டு, எல்லாம் போய்ச் சேர்வது ஒரே குழாயில். மூன்று பரோட்டாக் கல்லும் சேர்ந்து சூடேறி, ஒருவர் கொத்துப் போட ஆரம்பித்தால் புகை மேலே போகாமல் ஒன்பதாம் நம்பர் வழியாகத் திரும்பி வருகிறது. ஒன்பதாம் நம்பர் சுக்குக் காபி. அந்த மனிதர் பாவம், சுக்குக் காபியில் சால்னா வாசம் வருகிறது என்று வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அடுப்பு வேலை செய்கிறவர்களைத் தனியாக ஒரு பக்கமும், அடுப்பே வேண்டாத சுண்டல், ஜூஸ், பழம் இவர்களை வாசல் பக்கமும் வைத்திருக்கலாம். குலுக்கல் சீட்டுக்கு அதெல்லாம் தெரியுமா? குலுக்கலில் யாருக்கும் பாரபட்சம் இல்லை என்பது உண்மை. அதனால்தான் நான்கு இட்லி தோசைக் கடைகள் பதினான்கிலிருந்து பதினேழு வரை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன.

சமையல் மேடையின் உயரம் பற்றி ஒரு வார்த்தை. கருங்கல் மேடை, நன்றாக இழைத்துப் போட்டிருக்கிறார்கள். அதன் மேல் அடுப்பு, அடுப்பின் மேல் தோசைக்கல். அம்மா ஐந்து அடி இல்லை. கல் அவர் நெஞ்சுக்கு வருகிறது, சட்டுவத்தைத் தோள் உயரத்தில் பிடித்துத் திருப்ப வேண்டியிருந்தது. இப்போது இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி மேலே ஒரு பலகை போட்டு அதில் ஏறி நிற்கிறார். வாடிக்கையாளரிடம் தட்டு நீட்டப் பலகையிலிருந்து இறங்குகிறார், மறுபடி ஏறுகிறார். ஒரு ராத்திரிக்கு எத்தனை தடவை என்று எண்ணிப் பார்த்தேன், 80க்கு மேல் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். 24 பேரில் 11 பேர் பெண்கள், ஒருவரைக்கூட நிற்க வைத்து அளந்து பார்க்கவில்லை. பழைய வண்டி அம்மாவின் இடுப்பு உயரத்துக்கு ஆசாரி அளந்து அடித்தது.

ஷட்டர் உள்வேலைக்கும் பாத்திர ரேக்குக்கும் நாங்கள் போட்ட பணம் எங்கிருந்து வந்தது என்றும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் முதல் என்றால் தண்டல்தான். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு கையில் 8,500 கொடுப்பார்கள், நாளுக்கு நூறு வீதம் நூறு நாள். 2020இல் தெருவோர வியாபாரிகளுக்கு மத்திய அரசின் ஸ்வநிதி கடன் வந்தபோது முதல் தவணை பத்தாயிரத்தை வாங்கி அம்மா அந்தத் தண்டலிலிருந்து வெளியே வந்தார். ஒழுங்காகக் கட்டியதால் அடுத்து இருபதாயிரம் கிடைத்தது. அது முழுக்க இந்தக் கடைக்குள் போயிற்று. அம்மா வேலைக்குப் போன இடத்தில் அம்மாவே மேஜை வாங்கிப் போட்ட கதை.

உள்ளே வந்ததும் அந்தப் பழைய எழுதாத சட்டம் முதல் மாதமே உடைந்தது. கூட்டம் குறைந்ததும் எல்லோருக்கும் பயம். பணியார அக்கா தோசை போர்டு மாட்டினார். பரோட்டா அண்ணன் இட்லி வைத்தார். அம்மாகூட ஒருநாள் நூடுல்ஸ் பாக்கெட் வாங்கிவந்தார், நான்தான் திட்டித் திருப்பிக் கொடுக்க வைத்தேன். பொது மேஜையை யார் துடைப்பது, உன் கடைத் தட்டு என் பக்கம் ஏன் கிடக்கிறது, என் ஆளை நீ ஏன் கூப்பிட்டாய் என்று தினம் ஒரு பஞ்சாயத்து. வண்டி வரிசையில் இருபது வருடம் முகம் சுளிக்காதவர்கள் ஒரு கூரைக்குள் வந்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, அமாவாசை என்பதால் பரோட்டா, முட்டை வியாபாரம் மந்தம், எல்லோரும் பொது மேஜையில் உட்கார்ந்துவிட்டார்கள். சுண்டல் பாட்டிதான் ஆரம்பித்தாராம், இங்கே வருகிறவன் ஒருத்தன், அவனுக்கு ஆறு இட்லிக் கடை எதற்கு என்று. அன்றைக்குப் பேசி முடித்தார்கள். பணியார அக்கா தோசை போர்டை எடுத்தார், பரோட்டா அண்ணன் இட்லியை விட்டார். இட்லி தோசைக் கடைகள் நான்கும் ஒன்றுக்கொன்று வேறாக வேண்டும் என்று ஏற்பாடு. அம்மாவுக்கு இட்லி மட்டும், நான்கு வகைச் சட்னியோடு. ஒருவர் தோசை மட்டும். ஒருவர் ஆப்பத்துக்கு மாறினார். இன்னொருவர் சிறுதானிய அடை. மேஜை துடைக்க ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு ஒரு அம்மாவை வைத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம்தான் 90 இட்லி 140 ஆனது. ஒத்துழைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதற்குத்தான் இவ்வளவு விவரம்.

மிச்சப் பிரச்சினை அவர்கள் கையில் இல்லாதது. வளாகத்தின் கேட்டை ராத்திரி பத்து மணிக்குப் பூட்டுகிறார்கள். பாத்திரம் கழுவி அடுப்பு துடைக்க நேரம் வேண்டும் என்பதால் ஒன்பதேகாலுக்கே கடையைக் கட்டியாக வேண்டும். அம்மாவின் பழைய வியாபாரத்தில் பாதி ஒன்பதுக்கு மேல்தான் நடக்கும், நைட் டியூட்டி மாறுகிறவர்கள், கடைசி பஸ்ஸில் நோயாளியோடு வந்து இறங்குகிறவர்கள். அந்த நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் இப்போது ஒரு டீக்கடைகூடக் கிடையாது. கேன்டீன் எட்டரைக்கு மூடிவிடும்.

இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இந்தூரில் சராஃபா பஜார் பகலில் நகைக் கடைத் தெரு, ராத்திரி நகைக் கடைகள் மூடியதும் அதே வாசல்களில் சாப்பாட்டுக் கடைகள் எழும்புகின்றன. அகமதாபாதின் மானெக் சௌக்கும் அப்படித்தான், பகலில் தங்கம் வெள்ளி வியாபாரம், இரவில் சாப்பாடு. ஒரு இடத்தை நேரம் பிரித்துப் பயன்படுத்துவது நம் நாட்டில் பழைய பழக்கம். ஆஸ்பத்திரி வாசலில் ராத்திரி ஒன்பதுக்கு மேல் வெளிநோயாளிக் கூட்டம் கிடையாது, ஆட்டோ வரிசை கிடையாது. ஆம்புலன்ஸ் வழியை விட்டுத் தள்ளி, மதில் ஓரத்தில் நான்கு வண்டிகளுக்கு மட்டும் கோடு போட்டுக் கொடுக்கட்டும். யார் யார் எந்த நாள் என்பதை 24 பேரும் முறை வைத்துப் பார்த்துக்கொள்வார்கள், மேஜை துடைக்கிற கணக்கையே தீர்த்தவர்களுக்கு இது பெரிதில்லை. வளாகத்தின் கேட்டைப் பதினொன்றரை வரைக்கும் திறந்து வைக்கட்டும். கட்டணத்தைக் கடை திறந்த நாளுக்கு மட்டும் வாங்கட்டும். அந்த விற்பனைக் குழுவுக்கு ஒழுங்காக ஒரு தேர்தல் வைக்கட்டும், அம்மா நிற்கமாட்டார், பாட்டி நின்றாலும் நிற்பார். அடுத்து எந்த ஊரிலாவது இப்படி வளாகம் கட்டப் போகிறவர்கள் சிமெண்ட் மூட்டை இறக்குவதற்கு முன் ஒரு வாரம் வண்டிக்குப் பக்கத்தில் நின்று எத்தனை இட்லி போகிறது என்று எழுதிக்கொள்ளட்டும். நோட்டு வேண்டுமென்றால் நான் வாங்கித் தருகிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், உங்கள் நிருபருக்கு. மறுபடி படம் எடுக்க வந்தால் மூன்று மணிக்கு வர வேண்டாம். ராத்திரி ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரி வாசலுக்கு வரச் சொல்லுங்கள். கடையைக் கட்டியதும் நான் ஒரு ஹாட் பாக்ஸில் அறுபது இட்லியும் ஒரு பிளாஸ்க் சுடுதண்ணீரும் எடுத்துக்கொண்டு மொபெட்டில் அங்கே வந்து வேப்பமரத்தடியில் நிற்கிறேன். சட்டப்படி தப்பு என்று தெரியும், விரட்டினால் நகர்ந்துவிட்டு மறுபடி வருவேன். பத்து மணிக்குள் பெட்டி காலியாகிவிடும். முந்தாநாள் செருப்பில்லாமல் ஓடி வந்த ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டு, இங்கே ஒரு அம்மா இருப்பாங்களே என்று கேட்டார். எழுநூறு மீட்டர் தள்ளி இருக்காங்க என்றேன். நிருபர் வந்தால் இரண்டு இட்லி சாப்பிட்டுப் பார்க்கட்டும். அம்மா அவரிடம் காசு வாங்காதே என்றுதான் சொல்லி அனுப்புவார், நான் வாங்கிக்கொள்வேன், நோட்டில் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
பதினாறாம் நம்பர் கடைக்காரம்மாவின் மகன்
(பெயரை வெளியிட வேண்டாம்)